மலை ஏறும் மின்சார வண்டியும் பற்றரிக்குள் இருக்கும் பொருத்தும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு மின்சார முச்சக்கர வண்டி நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். ஓட்டியவர் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. "நானா, கினிகத்தேனையிலிருந்து ஏறி வரக்குள்ள வட்டவளைக்கிட்ட பிளாஸ்டிக் கருகுற வாடை வந்துச்சி. உடனே ஓரங்கட்டிட்டேன்" என்றார். பின் இருக்கையில் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பெற்றோலில் ஓடிய வண்டியை மின்சாரத்துக்கு மாற்றி, எங்கோ ஒரு பட்டறையில் கட்டிய பற்றரியைப் பொருத்தியிருந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த செல்களில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருந்தன. கருகியிருந்தது செல் அல்ல. ஒரு செல் வரிசையை அடுத்த வரிசையோடு இணைக்கும் பட்டி, அந்தப் பட்டி செல்லில் ஒட்டியிருந்த இடம், அதாவது பொருத்து.

ஹட்டனில் பல வருடங்களாக வாகன மின்வேலை செய்கிறவன் என்ற வகையில் இந்த ஒரு விடயத்தை நம் மக்களுக்கு விளக்கி எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாக நின்ற நாம், கியூ.ஆர். அட்டையில் லீற்றர் எண்ணிய நாம், மின்சார வண்டிகளை ஆசையோடு பார்ப்பது இயல்பு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்ட பின்னர், வீதியில் மின்சார வாகனங்கள் கண்ணுக்குத் தெரியும்படி கூடிவிட்டன. வாங்குகிறவர்கள் எத்தனை கிலோமீற்றர் ஓடும், எத்தனை மணித்தியாலத்தில் சார்ஜ் ஆகும் என்று கேட்கிறார்கள். உள்ளே செல்களை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. மலைநாட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஏற்றம் பொருத்தை எப்படிச் சோதிக்கிறது?

ஒரு 48 வோல்ட் முச்சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். விரல் பருமனான செல்களால் கட்டினால் 13 வரிசை, வரிசைக்கு 10 என்று 130 செல்கள் வரலாம். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முனை. ஆகவே 260 இடங்களில் உலோகத்தை உலோகத்தோடு ஒட்ட வேண்டும். இவற்றைத் தவிர முழு மின்னோட்டமும் கடந்து போகும் பிரதான பொருத்துகளும் உண்டு.

எந்தப் பொருத்தும் மின்சாரத்தைக் கொஞ்சமாவது தடுக்கும். அந்தத் தடைதான் சூடாக மாறுகிறது. சூட்டின் கணக்கு எளிது: மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, பின்னர் தடையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, பிரதான பொருத்து ஒன்றில் 2 மில்லி ஓம் தடை இருப்பதாக வைப்போம். சமதரையில் வண்டி 30 அம்பியர் இழுக்கும்போது அந்த இடத்தில் 1.8 வொட் சூடு உண்டாகும். அது ஒன்றும் பெரிதல்ல. அதே வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் 90 அம்பியர் இழுத்தால் சூடு 16.2 வொட் ஆகிவிடும். மின்னோட்டம் மூன்று மடங்கு கூடினால் சூடு ஒன்பது மடங்கு கூடுகிறது. சின்ன ஈயக்கோல் ஒன்றின் பாதிச் சூடு, மூடிய பெட்டிக்குள், செல்லின் தலையில், ஏற்றம் முடியும் வரை இருந்துகொண்டே இருக்கும்.

அதே இடத்தில் 0.1 மில்லி ஓம் மட்டுமே தடையுள்ள நல்ல பொருத்து இருந்தால், 90 அம்பியரிலும் ஒரு வொட்டுக்குக் குறைவாகவே சூடு வரும். கொழும்பில் வருடக்கணக்கில் ஓடும் பற்றரி ஹட்டன் வீதியில் சில மாதங்களில் கருகுவதற்கு இது ஒரு பிரதான காரணம். சமதரை மன்னிக்கும் குறையை மலை மன்னிப்பதில்லை.

ஈயமும் நிக்கல் பட்டியும்

அந்தத் தம்பியின் பற்றரியில் சில இடங்களில் ஈயம் பற்றவைத்திருந்தார்கள். லித்தியம் செல்லின் முனையில் நேரடியாக ஈயம் வைப்பது பெரும் தவறு. ஈயக்கோலின் நுனி 300 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும். செல்லுக்குள் நேர் தகட்டையும் மறை தகட்டையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அது பெரும்பாலும் பொலிஎதிலீனால் ஆனது. ஏறக்குறைய 130 பாகையில் அது உருகத் தொடங்கிவிடும். ஈயம் பிடிக்கும் வரை கோலை அழுத்திப் பிடித்திருக்கும் சில நொடிகளில் உள்ளே என்ன நடந்தது என்பது வெளியே தெரியாது. வண்டி ஓடும். ஒரு நாள் தெரியவரும்.

பட்டறைகளில் செய்யக்கூடிய சரியான வேலை ஸ்பொட் வெல்டிங். செல்லின் மீது நிக்கல் பட்டியை வைத்து, இரண்டு செப்பு ஊசிகளால் அழுத்தி, மிகக் குறைந்த நேரத்துக்குப் பெரிய மின்னோட்டம் செலுத்துவார்கள். பட்டியின் தடையே அந்தப் புள்ளியில் சூட்டை உண்டாக்கி ஒட்டிவிடும். சில மில்லி செக்கன்களில் வேலை முடிவதால் சூடு செல்லுக்குள் இறங்க நேரமில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தடை உள்ள உலோகத்தில்தான் இந்த முறை நன்றாக வேலை செய்யும். நிக்கல் செம்பைப் போல நான்கில் ஒரு பங்கு அளவுக்கே மின்சாரத்தைக் கடத்துகிறது. ஒட்டுவதற்கு எளிதாக இருக்கும் அதே தடைதான் பின்னர் மலை ஏறும்போது சூடாகவும் வருகிறது. சந்தையில் நிக்கல் என்று விற்கும் பட்டிகளில் சில, நிக்கல் பூசிய இரும்பு. அதன் தடை இன்னும் அதிகம். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். மேற்பரப்பை அரத்தால் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். விடியும்போது துரு இருந்தால் அது இரும்பு. அந்தத் தம்பியின் பட்டியை அப்படிப் போட்டேன். ஸுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது தண்ணீர் மஞ்சளாகியிருந்தது.

சரி, நிக்கலுக்குப் பதிலாகச் செம்பையோ அலுமினியத்தையோ நேரடியாக ஒட்டினால் என்ன? பெரிய பற்றரித் தொழிற்சாலைகள் கேட்ட கேள்வியும் அதுவே. அதற்குக் கிடைத்த பதில்களில் முக்கியமானது லேசர்.

செம்பு என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது

செம்பு மின்சாரத்தை மட்டுமல்ல, சூட்டையும் மிக நன்றாகக் கடத்தும். ஓர் இடத்தில் சூடாக்கினால் அந்தச் சூடு உடனே பட்டி முழுவதும் பரவி ஓடிவிடும். ஸ்பொட் வெல்டிங் ஊசியை வைத்தால், தடை இல்லாததால் அந்த இடத்தில் போதிய சூடே உண்டாகாது. பற்றரிக்கு அதை உகந்ததாக்கும் குணமே ஒட்டுவதற்கு அதைக் கடினமாக்குகிறது.

லேசர் என்பது ஒரே நிறமுள்ள ஒளியை ஊசி முனையை விடச் சிறிய புள்ளியில் குவிப்பது. 1960 மே மாதம் அமெரிக்காவில் தியடோர் மைமன் முதல் லேசரை மாணிக்கக் கல்லால் செய்தார். இன்று தொழிற்சாலைகளில் அதிகம் பாவிக்கப்படுவது கண்ணாடி இழை லேசர். அதன் ஒளி ஏறக்குறைய 1,070 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது. அது சிவப்புக்கும் அப்பாற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளி.

இங்கேதான் செம்பு பிடிவாதம் பிடிக்கிறது. செம்பு ஏன் செம்மையாகத் தெரிகிறது? தன் மீது விழும் வெள்ளை ஒளியில் நீலத்தையும் பச்சையையும் பெருமளவு விழுங்கிவிட்டு, சிவப்பைத் திருப்பி அனுப்புவதால். சிவப்புக்கும் அப்பால் உள்ள ஒளியை இன்னும் அதிகமாகத் திருப்பி அனுப்பும். இழை லேசரின் ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதத்தை மட்டுமே குளிர்ந்த செம்பு உள்வாங்குகிறது. மீதி கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். நம் முன்னோர் அந்த உலோகத்துக்கு வைத்த பெயரே இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒளியின் வலிமையைக் கூட்டினால் என்ன? செம்பு முதலில் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். உருகத் தொடங்கியதும் ஒளியை விழுங்கும் அளவு திடீரென்று கூடிவிடும். உலோகம் ஆவியாகி, சாவித்துவாரம் போல ஓர் ஆழமான குழி உண்டாகும். அந்தக் குழிக்குள் போன ஒளி சுவருக்குச் சுவர் மோதி உள்ளேயே தங்கிவிடும். ஆழமான, உறுதியான ஒட்டு இப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் அந்தத் திடீர்ப் பாய்ச்சலில் உருகிய செம்பு துளித்துளியாகத் தெறிக்கும். பற்றரிக்குள் தெறித்த ஒரு செம்புத் துளி, பின்னர் இரண்டு முனைகளைத் தொட்டால் போதும்.

இதற்கு மூன்று வழிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று, கண்ணாடிகளை மிக வேகமாக அசைத்து ஒளிப்புள்ளியைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுவது. இரண்டு, நடுவில் கூரிய புள்ளியும் சுற்றிவர ஒளி வளையமும் உள்ள கதிரைப் பாவிப்பது. வளையம் குழியின் வாயை விரித்து வைப்பதால் தெறிப்பு குறையும். மூன்று, ஒளியின் நிறத்தையே மாற்றுவது. 515 நனோமீற்றர் பச்சை ஒளியில் ஏறக்குறைய 40 சதவீதத்தையும், 450 நனோமீற்றர் நீல ஒளியில் ஏறக்குறைய 65 சதவீதத்தையும் செம்பு உள்வாங்குகிறது. நீல ஒளி உமிழும் டயோட்டைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு எல்.ஈ.டி. பல்புக்கு வழிவகுத்த அதே காலியம் நைட்ரைட்டுதான் இன்று செம்பை ஒட்டும் நீல லேசருக்கும் அடிப்படை.

அலுமினியம் வேறு வகையில் தொல்லை கொடுக்கும். அது 660 பாகையில் உருகும். ஆனால் அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஒட்சைட் தோல் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். காய்ச்சிய பாலின் மேல் ஆடை கிடப்பதுபோல அந்தத் தோல் கிடந்து ஒட்டைக் கெடுக்கும். செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து ஒட்டுவது இன்னும் கடினம். இரண்டும் உருகிக் கலந்தால் நொறுங்கும் தன்மையுள்ள ஒரு கலவை உண்டாகும். அது மின்சாரத்தையும் தடுக்கும், வண்டியின் குலுக்கலில் வெடிக்கவும் செய்யும். பெரும்பாலான லித்தியம் செல்களில் மறை தகடு செம்புத் தாள், நேர் தகடு அலுமினியத் தாள் என்பதால் இந்தப் பிரச்சினையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒளி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை மில்லிமீற்றரின் சிறு பங்கு அளவுக்குக் கட்டுப்படுத்தித்தான் இதைச் செய்கிறார்கள்.

கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் ஊரில்

இதெல்லாம் ஜேர்மனியிலும் சீனாவிலும் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று மின்சார ஸ்கூட்டர்களின் பெரிய மையம். ஏத்தர் நிறுவனம் ஓசூரில் பற்றரிகளைக் கட்டுகிறது. ஓலா நிறுவனம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செல்லையே செய்யும் ஆலையை அமைத்திருக்கிறது. அங்கே செய்யப்படுவது 4680 எனப்படும் வகை, அதாவது 46 மில்லிமீற்றர் விட்டமும் 80 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட செல். 2020 செப்டெம்பரில் டெஸ்லா நிறுவனம் அறிமுகப்படுத்திய அளவு இது.

பழைய செல்களில் சுருட்டிய நீளமான தாளிலிருந்து ஒன்றிரண்டு நாக்குகள் மட்டும் வெளியே வரும். மின்சாரம் முழுத் தாளையும் கடந்து அந்த நாக்குக்கு வர வேண்டும். டெஸ்லா காட்டிய 4680 வடிவமைப்பில் தனி நாக்கு கிடையாது. தாளின் விளிம்பு முழுவதையும் மடித்து, ஒரு வட்டத் தகட்டோடு லேசரால் ஒட்டுகிறார்கள். வழி குறுகியதால் சூடும் குறைந்தது. அந்த மெல்லிய தாள் தலைமயிரை விட மெலிந்தது. ஒளி கொஞ்சம் கூடினால் தாள் ஓட்டையாகும், கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2016இல் சாம்சங் நிறுவனம் கெலக்ஸி நோட் 7 தொலைபேசிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது நினைவிருக்கும். விமானங்களில் கொண்டுபோகத் தடை விதித்தார்கள். 2017 ஜனவரியில் வெளியிட்ட விளக்கத்தில், பற்றரி கொடுத்த இரண்டு தரப்புகளில் ஒன்றின் பற்றரிகளில், நேர்முனையை ஒட்டிய இடத்தில் துருத்திக்கொண்டிருந்த கூர்மையான முள் போன்ற பிசிறுகள் உள்ளே குறுக்குச் சுற்றை ஏற்படுத்தின என்று சொன்னார்கள். அது லேசர் ஒட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: செல் நன்றாக இருந்தாலும் ஒட்டில் விட்ட பிசிறு முழுப் பொருளையும் அழித்துவிடும்.

அந்த ஒளியும் நமக்குப் புதிதல்ல

ஒளியைக் குவித்து எரிப்பது பற்றி 984 அளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்ற அறிஞர் ஒரு நூல் எழுதினார். எந்த வளைவில் செய்த ஆடியும் வில்லையும் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் என்று கணக்கிட்டார். டமஸ்கஸிலும் தெஹ்ரானிலும் பிரிந்து கிடந்த அதன் ஏடுகளை ரொஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் ஒன்றுசேர்த்து 1990இல் உலகுக்கு அறிவித்தார். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வளையும் விதியை, ஐரோப்பாவில் ஸ்னெல் சொல்வதற்கு 600 வருடங்களுக்கு முன்னரே அவர் கையாண்டிருந்தார். இன்று லேசர் தலைக்குள் இருக்கும் வில்லையும் அதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில் பயனில்லை. ஸபஃ அத்தியாயத்தில் தாவூத் நபிக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசத்தின் வளையங்களை அளவறிந்து இணைக்கும்படி ஏவப்பட்டதையும் ஓதுகிறோம். ஒரு நபிக்கு உலோகப் பொருத்தின் அளவு பற்றிக் கட்டளை வந்திருக்கிறது. கவசத்தின் ஒரு வளையம் பிசகினால் அதை அணிந்தவன் உயிர் போகும். பற்றரியின் ஒரு பொருத்து பிசகினால் பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகள் போவார்கள்.

நாம் செய்யக்கூடியது

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பற்றரி கட்டியவரிடம் பட்டி என்ன உலோகம், எதனால் ஒட்டினீர்கள், எத்தனை அம்பியருக்குக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். நீண்ட ஏற்றம் ஏறி முடிந்ததும் பற்றரிப் பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களை விடச் சூடாக இருந்தால் அது எச்சரிக்கை. லயக் காம்பிராக்களில் வீடுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சந்தேகமுள்ள பற்றரியை இரவில் வாசற்படியில் வைத்து, எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் செய்ய வேண்டாம்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பிரியஸ் காரின் பழைய வகைப் பற்றரியில் 28 பகுதிகளைச் செப்புப் பட்டிகளால், திருகாணி போட்டு இணைத்திருப்பார்கள். நம் பனியிலும் ஈரத்திலும் அந்தச் செம்பு பச்சை பிடிப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பற்றரியே போய்விட்டது என்று பயந்து வந்த சிலருக்குப் பட்டிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, சரியான இறுக்கத்தில் மாட்டியதோடு வேலை முடிந்தது. ஆனால் அதில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் இருக்கிறது. தெரியாதவர்கள் தொடக் கூடாது.

பட்டறைச் சகோதரர்களுக்கு: கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங் இயந்திரங்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் செம்பில் பட்டுத் தெறித்து, பக்கத்தில் நிற்பவரின் கண்ணையும் ஒரு கணத்தில் நிரந்தரமாகக் குருடாக்கும். சாதாரண வெல்டிங் கண்ணாடி போதாது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியும் மூடிய அறையும் இல்லாமல் அதை இயக்காதீர்கள். லேசர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுத்த நிக்கல், போதிய தடிப்பு, ஒழுங்கான ஸ்பொட் வெல்டிங், ஒவ்வொரு பொருத்துக்கும் மில்லி ஓம் அளவீடு, இவை நம் கைக்கு எட்டியவை. அளவிடாமல் கொடுப்பதும், இரும்புப் பட்டியை நிக்கல் என்று விற்பதும் குறையை மறைத்து விற்பதாகும். மார்க்கத்தில் அதற்கு இடமில்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும்: சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தும் நம் பிள்ளைகள் பலர் கடைக்கு நிற்கவோ கொழும்புக்குப் போகவோதான் பார்க்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையும் அதுவே. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டாவிலும் என்.வி.கியூ. சான்றிதழோடு வாகன மின்வேலையும் வெல்டிங்கும் படிக்க வழி இருக்கிறது. ஸகாத், ஸதகா நிதியில் ஒரு பகுதியை, தகுதியுள்ள பிள்ளைகள் இந்தத் தொழிலைப் படிக்கவும் ஒரு மில்லி ஓம் மானி வாங்கவும் ஒதுக்கலாமே. மூன்று, நான்கு பட்டறைகள் சேர்ந்து ஒரு நல்ல ஸ்பொட் வெல்டிங் இயந்திரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். அதில் படிக்கும் பையன் தமிழனா, முஸ்லிமா, சிங்களவனா என்று பார்க்கத் தேவையில்லை. அவன் கட்டும் பற்றரியில் எல்லோரும்தான் மலை ஏறப் போகிறோம்.

அந்தத் தம்பியின் வண்டிக்குப் பட்டிகளை எல்லாம் கழற்றி, சேதமான செல்களை ஒதுக்கி, மறுபடி கட்டிக் கொடுக்க ஆறு நாட்கள் எடுத்தன. ஒவ்வொரு பொருத்தின் அளவையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். "இதை ஏன் நானா எனக்குத் தாறீங்க?" என்று கேட்டார். "அடுத்த முறை யாரிடம் கொடுத்தாலும் இதைக் காட்டி, இதைவிடக் கூடாமல் இருக்கிறதா என்று கேளுங்க" என்றேன். தாளை மடித்துச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வைத்துக்கொண்டார்.

செய்யும் தொழிலைச் செம்மையாகச் செய்யும் கைகளை வல்ல அல்லாஹ் நம் ஊர்களில் அதிகமாக்கித் தருவானாக.